அளவு நம்மகிட்ட இருக்கு

ஒருநாள் காலை எங்கள் பட்டறைக் கம்ப்யூட்டர் தன் காலம் முடிந்துவிட்டதாக அறிவித்தது. திரையில் நீல நிறத்தில் ஒரு பெட்டி. இந்த இயங்குதளப் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதிய பதிப்பை ஏற்க இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை, வேறு வாங்கிக்கொள்ளவும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. என் கணவர் அதை மூடினார். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. போகச் சொல்லியும் போகாத விருந்தாளி மாதிரி தினமும் காலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்களுடையதைச் செருப்புக் கடை என்று சொன்னால் இவருக்குக் கோபம் வரும். கடைக்குப் போய் ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு வர முடியாத கால்களுக்கு ஷூ செய்பவர் இவர். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருப்பவர்கள், விரல் மடங்கிப் போனவர்கள், சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போனவர்கள், விபத்தில் குதிகால் நொறுங்கி ஒருமாதிரி ஒட்டிக்கொண்டவர்கள். முன்பெல்லாம் ஒவ்வொருவர் காலுக்கும் மரத்தில் அச்சு செதுக்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். பிறகு ஸ்கேனர் வந்தது. ஒரு கண்ணாடிப் பலகை, அவ்வளவுதான். அதன்மேல் ஏறி நின்றால் ஒரு வெளிச்சம் ஓடும், பாதம் அச்சு அசலாகத் திரையில் எழும். அதைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்துக்கொண்டால், வேண்டும்போது அதோடு வந்த கடைசல் மெஷின் அச்சைக் கடைந்து கொடுத்துவிடும். இவர் மர அச்சுகளை மொத்தமாக ஒழித்துக்கட்டி, அலமாரி இருந்த இடத்தில் மெஷினை வைத்தார்.

அன்றிலிருந்து ஒரு வாக்கியம் இவரைப் பிடித்துக்கொண்டது. யார் போனில் ஆர்டர் கொடுத்தாலும், "நீங்க வரவே வேண்டாம், அளவு நம்மகிட்ட இருக்கு" என்பார். சொல்லும்போது கம்ப்யூட்டரின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டுவார். எங்கள் பட்டறை என்பது அந்தப் பெட்டிக்குள் இருந்த பாதங்கள்தான். அது போனால் நாங்கள் இரண்டு பேரும் வெறும் தோலையும் பசையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார் இவர். நான் விடவில்லை. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கி எறியச் சொல்ல அந்தக் கம்பெனிக்காரன் யார் என்று எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்துக்குப் பின்னால் ஒரு பழைய திமிரும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் லினக்ஸ் கூட்டத்தில் இருந்தவள். எவருக்கும் சொந்தமில்லாத, எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய இயங்குதளம். அதைப் போட்டுக்கொள்ளாதவர்களை மனிதர்களாகவே மதிக்காத ஒரு சிறு கும்பல். கும்பலில் என் பெயர் 'ரூட்டு'. அந்த உலகத்தில் எல்லா அதிகாரமும் கொண்ட பயனருக்கு ரூட் என்று பெயர். நான் வைத்ததுதான் சட்டம் என்று நடந்துகொண்டதால் அதை எனக்குச் சூட்டிவிட்டார்கள். அப்புறம் கல்யாணம், பட்டறை, தோல் வாசனை, வாடிக்கையாளர்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடித்த விரல்கள் தையல் நூலுக்கு மெழுகு தேய்க்கப் போய்விட்டன.

கும்பலின் தலைவனுக்குத் தாடி என்று பெயர். பல வருஷம் கழித்து அவனுக்குப் போன் செய்து, லினக்ஸ் வகைகளில் இப்போது எது நல்லது என்று கேட்டேன். தாடி அந்தக் காலத்தில் தன் இயங்குதளத்தைத் தானே மூலநிரலிலிருந்து சமைத்துச் சாப்பிட்டவன். எளிதான ஒன்றை யாராவது போட்டால் அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். அவன் சொன்ன பெயரைத் தேடிப் பார்த்தேன். முகப்பிலேயே 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னை என்னன்னு நெனச்சே?" என்றேன்.

"நானும் அதைத்தான் வெச்சிருக்கேன், ரூட்டு. எங்க அம்மாவும் அதைத்தான் வெச்சிருக்காங்க. எனக்கு இப்ப முதுகு வலி, ரெண்டு பிள்ளைங்க. சும்மா அடுத்து, அடுத்துன்னு அழுத்து. அதுவே பாத்துக்கும்."

சாமியாரே காவியைக் கழற்றி மாட்டிவிட்டு லுங்கி கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மனசுக்குள் சிரித்துக்கொண்டே, அவன் சொன்னதையே எடுத்துக்கொள்வோம், நமக்குத் தெரியாததா என்று முடிவு செய்தேன்.

அன்று பட்டறைக்கு வார விடுமுறை. இவர் தோல் வாங்கக் கிடங்குக்குப் போயிருந்தார். அவர் தெருமுனையைத் தாண்டியதும் நான் வழக்கம்போல ஷூவைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, ரப்பர் செருப்புக்கு மாறிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். முதலில் ஒரு பென்டிரைவ் தேவை. மேஜை டிராயரில் ஒன்றே ஒன்று இருந்தது. சொருகிப் பார்த்தேன். உள்ளே வாடிக்கையாளர்களின் பாதங்கள், ஒரு நகல். இவர் எப்போதோ யாரையோ விட்டு எடுத்து வைத்திருக்கிறார். இதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே, முடிந்ததும் மறுபடி போட்டு வைத்துவிடலாம் என்று நினைத்து, அதன்மேலேயே புதிய இயங்குதளத்தை எழுதினேன். பாதங்கள் அழிந்தன. எனக்கு ஒரு சலனமும் இல்லை. அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே.

நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும். ஓட்டினேன். கண் சிமிட்டும் நேரத்தில் திரை வந்தது. சத்தம் வந்தது. இணையம் வந்தது. எங்கள் காலத்தில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு கிறீச் ஒலியை வரவழைப்பதற்குள் உயிர் போய்விடும். வந்த அன்று ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுப்போம். ஸ்கேனரை மாட்டினேன். எதுவும் கேட்காமல் விளக்கு எரிந்தது. நம்பாமல் என் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தேன். கை ரேகையோடு திரையில் எழுந்தது. என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். யாருமில்லாத பட்டறையில் நான் மட்டும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்திலேயே நிறுவு என்பதை அழுத்தினேன்.

இங்கேதான் பழைய ஆள் என்கிற திமிர் என்னைக் கவிழ்த்தது. எங்கள் காலத்தில் நிறுவுவது என்றால் போலீஸ் விசாரணை. எந்த டிஸ்க், எந்தப் பகுதி, எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், உறுதியாகவா, சத்தியமாகவா என்று கேட்டுக் கேட்டுச் சாகடிக்கும். டிஸ்க்கைப் பிரிக்கிற கட்டம் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்காருவோம். அந்தக் கட்டத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். பாதங்கள் இருக்கிற பகுதியைத் தொடாமல் விடச் சொல்ல வேண்டியது அந்தக் கட்டத்தில்தான். மொழி கேட்டது, அடுத்து. விசைப்பலகை கேட்டது, அடுத்து. அழகான நிறத்தில் ஒரு பட்டையைக் காட்டி, ஒரு விருப்பத்துக்கு அதுவே டிக் போட்டு வைத்துக்கொண்டு, இப்படிச் செய்யலாமா என்றது. இது முன்னோட்டம், உண்மையான கேள்வி பின்னால் வரும் என்று அடுத்து அழுத்தினேன். சின்னதாக ஒரு பெட்டி வந்து, தொடரட்டுமா என்றது. தொடரட்டுமே. ஒரு உலகப் படம் வந்தது, எந்த ஊர் என்று காட்டினேன். என் பெயர் கேட்டது. ரூட்டு என்று கொடுத்துச் சிரித்துக்கொண்டேன். கடவுச்சொல் கேட்டது. நான் யோசித்து யோசித்துக் கடவுச்சொல் வைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் அது வேலையைத் தொடங்கியே விட்டிருந்தது.

கஷ்டமான கேள்வி வரவேயில்லை. 'நல்வரவு' என்று வந்தது.

நான் இன்னும் காத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. அப்புறம் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஆவணங்கள், படங்கள், இசை என்று சின்னச் சின்னக் கோப்புறைகள். எல்லாம் புத்தம் புதிது, எல்லாம் காலி. டிராயரை இழுத்துப் பென்டிரைவைத் தேடினேன். அது கம்ப்யூட்டரிலேயே சொருகியிருந்தது. அதை அழித்தவளும் நான்தானே. அங்கே இருக்கிறது என்று இங்கே அழித்தேன். இங்கே அழித்ததை மறந்துவிட்டு அங்கேயும் அழித்தேன். அந்தப் பெட்டியின்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பொய் சொல்லக் கூடாது. அது கேட்டது. அந்த வண்ணப் பட்டைதான் டிஸ்க், டிக் போட்டிருந்தது எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவு என்பதற்கு; பதிலையும் தானே வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு கேட்டது. அப்படிக் கேட்டால் யாருமே ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

தாடிக்குப் போன் செய்தேன். மீட்க முடியுமா என்று கேட்டேன். என்ன டிஸ்க் என்று கேட்டான். போன வருஷம் வேகமான புது டிஸ்க் மாற்றியதைச் சொன்னேன். பழைய டிஸ்க்காக இருந்தால் எலும்பாவது கிடைக்கும், இந்த வகை அழித்தால் கழுவித் துடைத்துவிடும் என்றான். கடைசியில் தாடி ஒரு யோசனை சொன்னான்.

"டிஸ்க் தானாப் போச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியப் போவதில்லை. உண்மைதான். இவருக்குக் கம்ப்யூட்டரைத் தலையில் தட்டத் தெரியும், அதற்குமேல் தெரியாது. நான் அந்தப் பொய்யை வாயில் வைத்துப் பழகிப் பார்த்தேன். நன்றாகவே உட்கார்ந்தது.

இவர் தோள்மேல் தோல் சுருளோடு உள்ளே வந்தார். வாசலிலேயே திரையைப் பார்த்துவிட்டார். பளிச்சென்று இருந்தது அது. முகம் மலர்ந்தது.

"அட, பிரமாதமா இருக்கே. எல்லாம் அப்படியே இருக்கில்ல?"

பதிலையும் அவரே வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு கேட்டார். நான் தலையை ஆட்டினால் போதும். அப்படியே தள்ளிப்போட்டு, நாளைக்கோ நாளன்றைக்கோ டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஏனோ என்னால் முடியவில்லை. அன்றைக்கு ஒருமுறை அடுத்து, அடுத்து என்று அழுத்தியதே போதும் என்று இருந்தது.

"இல்லை" என்றேன். "எல்லாத்தையும் அழிச்சிட்டேன். தெரியாமத்தான். ஆனா நான்தான் அழிச்சேன்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாக் காலும். பென்டிரைவ்ல இருந்ததும்."

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அவர் தோல் சுருளை இறக்கி வைத்தார். அளவு கொடுக்க வருபவர்கள் உட்காருகிற குட்டை நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நானே போனை எடுத்தேன். கம்ப்யூட்டரில் சின்னக் கோளாறு, மறுபடி ஒருமுறை வந்து அளவு கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்று ஒவ்வொருவரையும் கெஞ்சினேன். சின்னக் கோளாறு என்று சொன்னபோதெல்லாம் இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

முதலில் வந்தவர் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றுவிட்டாலும் அந்தப் பெயர் போகவில்லை. ஒரு கால் குட்டை, அதற்குத் தக்கபடி அடி உயர்த்திய ஷூ. எங்களுடைய மிகப் பழைய வாடிக்கையாளர். வருஷம் தவறாமல் போனில் ஒரு ஜோடி சொல்லுவார், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வார். இவர் டீச்சரைக் குட்டை நாற்காலியில் உட்கார வைத்து, தானே குனிந்து ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து மடித்த துணி ஒன்று விழுந்தது. அப்புறம் பஞ்சு. சுண்டுவிரல் ஓரம் தோல் உரிந்து, பழுத்து, காய்ந்து, மறுபடி உரிந்த தழும்பு.

இவர் அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். தான் செய்த ஷூவுக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அது என்ன என்று அவருக்கு உடனே புரியாததும் அதனால்தான்.

"டீச்சர், இது கடிக்குதா?"

"கொஞ்ச வருஷமாவே கடிக்குது தம்பி. கால் வீங்கிப் போச்சு, அகலமாயிடுச்சு போல. வயசாகுதில்ல."

"ஏன் சொல்லலை?"

"நீ ஒவ்வொரு தடவையும் அளவு நம்மகிட்ட இருக்குன்னு அவ்வளவு சந்தோஷமாச் சொல்லுவே. கம்ப்யூட்டரே சொல்லும்போது என் கால்தான் தப்பா இருக்கும்னு நெனச்சுட்டேன்."

டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவர் சிரிக்கவில்லை. கண்ணாடிப் பலகைமேல் டீச்சரை ஏற்றினார். விளக்கு ஓடியது. திரையில் எழுந்த பாதத்தைப் பார்த்து இவர் பேயறைந்தது போல நின்றார். அவர் நினைவில் இருந்த கால் அது இல்லை. வளைவு இறங்கி, பக்கவாட்டில் பரவி, எலும்பு ஒன்று புடைத்திருந்தது. இந்தக் காலுக்கு அவர் ஒரு ஷூகூடச் செய்ததில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களில் பலருக்கும் இதே கதை. தபால்காரர் ஷூவின் பக்கவாட்டை பிளேடால் கீறி வைத்திருந்தார். ஒரு பெண் எங்கள் பட்டறைக்கு வரும்போது மட்டும் எங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு வருவாளாம்; வேலைக்கு வேறு ஏதோ. எல்லாரும் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். நல்ல மனுஷர், வருத்தப்படுவார் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். நல்லவேளை அழித்தேன் என்று சொல்ல ஒரு கணம் எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

மாலை, கடைசி ஆளும் போன பிறகு இவர் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் இத்தனை நாள் யாருக்கு ஷூ செஞ்சேன்?" என்றார். என்னிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. நான் தரையில் கிடந்த தோல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சை மாற்ற நினைத்து, புது இயங்குதளம் ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை பார்த்தீர்களா என்றேன். அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று பாதங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

எனக்கும் அவர்தான் ஷூ செய்கிறார். ஸ்கேனர் வந்த அன்று முதன்முதலாக அதில் ஏறி நின்றவள் நான்தான். அந்த அளவை வைத்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு ஜோடி. போட்டுக் காட்டச் சொல்லி, "நல்லா இருக்கில்ல?" என்பார். நானும் ஆமாம் என்பேன். எத்தனையோ பிறந்தநாளாகக் கட்டைவிரல் பக்கம் எலும்பு வெளியே தள்ளி, நடந்தால் உயிர் போகிறது. அவர் தலை மறைந்ததும் ரப்பர் செருப்பு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது கண்ணில் படாதா என்று கேட்கலாம். ஊரார் காலை நாள் முழுக்கப் பார்க்கிறவர் வீட்டுக்கு வந்தால் டிவியைத்தான் பார்ப்பார். ஊரையே வாயால் ஓட்டுகிற எனக்கும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் வந்ததில்லை.

"உன்னோடதும் போச்சில்ல?" என்றார்.

"என் காலுக்கு என்ன. அது அப்படியேதான் இருக்கு."

"கழட்டு."

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், பசிக்கிறது என்றேன். அவர் எழுந்து வந்து என்னைக் குட்டை நாற்காலியில் உட்கார வைத்தார். முன்னால் தரையில் உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, ஷூவைக் கழற்றினார். விரலைச் சுற்றியிருந்த பிளாஸ்திரியையும் அதற்குக் கீழே இருந்ததையும் பார்த்தார். அப்படியே நிறுத்திவிட்டார். மொத்தக் கோப்புகளும் போன அன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

டீச்சரிடம் கேட்ட மாதிரி ஏன் சொல்லலை என்று என்னிடமும் கேட்பார், கேட்டால் சண்டை போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"எங்க வலிக்குது?" என்றார்.

இதில் டிக் போட்டு வைத்த பதில் எதுவும் இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடிப் பலகைப் பக்கமே திரும்பவில்லை. காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் தோலின்மேலேயே ஒரு வட்டம் போட்டார். இன்னொன்று காட்டினேன், அங்கேயும் போட்டார். அப்புறம் பென்சிலை அப்படியே பிடித்துக்கொண்டு, "வேற எங்க?" என்று கேட்டார்.